பழம் எது, கொட்டை எது? பண்ருட்டியில் ஒரு குழப்பம்

பண்ருட்டி வந்துவிட்டதை மூக்குதான் முதலில் சொல்லும். சென்னையிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். விக்கிரவாண்டியில் திருச்சி சாலையை விட்டுப் பிரிந்து கும்பகோணம் சாலையில் இறங்கினால், கொஞ்ச நேரத்தில் செம்மண் தெரிய ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசி என்றால் கார் கண்ணாடியை இறக்கினால் போதும், பலாப்பழ வாசனை உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளும். சாலையோரம் கீற்றுப் பந்தலுக்கு அடியில் பழங்கள் மலை மாதிரி குவிந்திருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் முந்திரித் தோப்புகள்.

"முந்திரி அலர்ஜி இருக்கிற பொண்ணை முந்திரிக்காட்டுக்கே கூட்டிட்டுப் போற அம்மா உலகத்துல நீ ஒருத்திதான்" என்று கிளம்பும்போதே கணவர் சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆனால், அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலியால் பஸ் ஏற முடிவதில்லை. "புள்ளைய ஒரு தடவ கண்ணுல காட்டிட்டுப் போம்மா" என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் மகளுக்கு ஒன்பது வயது. நான்கு வயதில் ஒரு கல்யாண வீட்டில் பாயசம் சாப்பிட்டாள். பத்தே நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. வாந்தி. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் மண்டபத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்றிலிருந்து முந்திரியும் பிஸ்தாவும் எங்கள் வீட்டுக்குள் கிடையாது. பொங்கலோ கேசரியோ, கோயில் பிரசாதமோ, ஹோட்டல் குருமாவோ, எதைக் கொடுத்தாலும் அவளே கேட்டுவிடுவாள்: "இதுல கொட்டை இருக்கா?"

அந்த 'கொட்டை' என்ற வார்த்தையில்தான் சிக்கல் ஒளிந்திருந்தது என்பது பண்ருட்டிக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அத்தையின் தோப்பு ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, செம்மண் மேட்டில் இருக்கிறது. நான் சின்ன வயதில் பார்த்த மரங்கள் இப்போது இல்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கரையைக் கடந்த தானே புயல், இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. மாமா நட்ட மரங்களும் அன்றைக்கே போய்விட்டன. இப்போது நிற்பவை அதற்குப் பிறகு வைத்த ஒட்டுக்கன்றுகள். அத்தை அந்தக் கதையை எல்லோரிடமும் ஒரு முறை சொல்வார். மகளிடமும் சொன்னார். அதற்குள் நான் காரிலிருந்து பையை எடுக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது என் மகள் கையில் ஒரு முந்திரிப்பழம்.

நல்ல சிவப்பு. குடைமிளகாய் மாதிரி பளபளவென்று இருந்தது. கொட்டையைத் திருகி எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, பழத்தை மட்டும் புடவைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்திருக்கிறார் அத்தை. அவள் அதை மூக்கில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்கும் பழத்துக்கும் நான்கு விரற்கடை இருந்திருக்கும்.

ஓடிப் போய்ப் பிடுங்கினேன். பாவம், அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா? கொட்டையத்தானே டாக்டர் வேணாம்னாரு? இது பழம்தானே!"

மகளும் அதையேதான் சொன்னாள். "கொட்டை இல்லம்மா, பழம்!"

அவர்கள் இருவர் மேலும் தப்பில்லை. முந்திரிப்பழமும் கூடாது என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான்தான் மகளிடம் சொல்லவில்லை. சென்னையில் முந்திரிப்பழத்தை எங்கே பார்க்கப்போகிறாள் என்ற அலட்சியம். கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அரை மணி நேரம் அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அந்த அரை மணி நேரத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் தோப்பில் உட்கார்ந்து முந்திரியைப் பற்றிப் பேசினோம். கல்லூரியில் நான் தாவரவியல் படித்தவள். படித்ததை மகளுக்கு உபயோகமாகச் சொன்ன முதல் நாள் அதுவாகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். பூவின் சூலகம் முதிர்ந்து விதையைத் தாங்கி நின்றால் அதற்குத்தான் தாவரவியலில் கனி என்று பெயர். முந்திரியில் அப்படி முதிர்வது, நாம் 'கொட்டை' என்று சொல்கிறோமே, அந்தச் சாம்பல் நிறச் சிறுநீரக வடிவக் காய். அதன் கெட்டி ஓடு கனியின் தோல், உள்ளே இருக்கும் பருப்பு விதை. அப்படியென்றால் சாறு சொட்டும் அந்தச் சிவப்புப் பழம்? அது காய் தொங்கும் காம்பு. வெறும் காம்புதான் பெருத்து, நிறம் மாறி, பழம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது. கொட்டை முதலில் முழு அளவுக்கு வளர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் காம்பு உப்ப ஆரம்பிக்கும்.

அத்தை இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. "அதான் முந்திரிக்கொட்ட மாதிரி முந்திக்காதன்னு சொல்றோம்" என்றார். ஆமாம்! கேட்காத பேச்சுக்கெல்லாம் பதில் சொல்லும் ஆளை அப்படித்தானே திட்டுகிறோம். பழத்தை முந்திக்கொண்டு கொட்டை வெளியே வந்துவிடுவதைத் தினமும் பார்த்த ஜனங்கள் சொன்ன சொல். எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொன்னதில்லை.

முந்திரி நம் ஊர் மரமே இல்லை. போர்த்துகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டு வந்தது. மலையாளத்தில் இதற்குப் 'பறங்கிமாவு' என்று ஒரு பெயர் உண்டு, அதாவது பறங்கியர் கொண்டு வந்த மாமரம். பெயர் வைத்தவர்களுக்குக் கூர்மையான கண். மாவும் முந்திரியும் உண்மையிலேயே ஒரே தாவரக் குடும்பம். பிஸ்தாவும் இந்தக் குடும்பம்தான். வடநாட்டு இனிப்புகளில் தூவும் சாரைப்பருப்பு, சித்த மருத்துவத்தில் வரும் சேராங்கொட்டை, வேலியோரத்து ஒதியமரம் எல்லாம் ஒட்டிய உறவு. சேராங்கொட்டைச் சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும். மாங்காய்ப்பால் பட்டு வாயோரம் புண்ணாகாத பிள்ளை உண்டா? முந்திரி ஓட்டு எண்ணெயும் அதே குணம். குடும்பச் சொத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாமல் போவது இந்த உறவினால்தான். ஆனால், மாம்பழச் சதை பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. என் மகள் வருடா வருடம் மாம்பழம் சாப்பிடுகிறாள், தோலைச் சீவிவிட்டு. டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க ஆரம்பித்தோம். ஒரு பிள்ளைக்குச் சரியானது இன்னொரு பிள்ளைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் சொந்தமாகச் சோதனை செய்து பார்க்க வேண்டாம்.

தோப்பில் பழங்கள் உதிர்ந்து கிடந்தன, சிவப்பும் மஞ்சளுமாக. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கும் பண்டம். பறித்த மறுநாளே அழுக ஆரம்பித்துவிடும். தொண்டையைக் காறும். கோவாக்காரர்கள் இதிலிருந்து ஃபெனி காய்ச்சுகிறார்கள். இங்கே உப்புத் தொட்டுக்கொண்டு பிள்ளைகள் நாலு தின்பதோடு சரி. மிச்சம் மண்ணுக்குத்தான். காசெல்லாம் கொட்டையில் இருக்கும்போது காம்பை யார் கவனிப்பார்கள்?

மகளை அத்தையின் மருமகளிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் கொட்டை உடைக்கும் கொட்டகைக்கு நான் மட்டும் போனேன். அந்தத் தூசி அவளுக்கு ஆகாது. வரிசையாகப் பெண்கள். வேகவைத்த கொட்டையைக் கத்தி வைத்த சின்ன மெஷினில் கொடுத்து, காலால் ஒரு மிதி. ஓடு இரண்டாகப் பிளக்கிறது. பருப்பு உடையாமல் வர வேண்டும். முழுசாக இருந்தால் ஒரு விலை, உடைந்தால் வேறு விலை. கடையில் 'டபிள்யூ 240', 'டபிள்யூ 320' என்று எழுதியிருப்பார்களே, ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்ற கணக்கு அது. எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு.

அந்தப் பெண்களின் விரல்கள் கறுத்திருந்தன. ஓட்டில் இருக்கும் எண்ணெய் செய்யும் வேலை. ஒருவர் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். தோல் உரிந்து, சேர்ந்து, மறுபடி உரிந்த அடையாளம். சாம்பலைத் தொட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். சிலர் கையுறை போட்டிருந்தார்கள். "கிளவுஸ் போட்டா வேகமா ஓடாதுக்கா" என்றார் இன்னொருவர். எடைக்குக் கூலி என்றால் வேகம்தான் சோறு. 'நட்' என்று டப்பாவில் அழகாக அச்சடித்து வருவதன் கனித்தோல் இவர்கள் கையைத்தான் முதலில் தின்கிறது. வீட்டுக்குத் திரும்பியதும் குளித்து, புடவை மாற்றிக்கொண்ட பிறகுதான் மகளைத் தொட்டேன்.

அதற்குள் அங்கே வேறு கூத்து. அத்தை அவிச்ச மல்லாட்டையை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி, பரண் மேல் ஒளித்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை மருவி மல்லாட்டை ஆனது. அதில் கொட்டை ஒட்டிக்கொண்டிருப்பதால் அத்தைக்குப் பயம்.

"அது கொட்டையே இல்லை பாட்டி" என்று மகள் விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது சரிதான். வேர்க்கடலை வேரும் இல்லை, கொட்டையும் இல்லை. அவரை, துவரை, பயறு வகையறா. பூப்பது மண்ணுக்கு மேலே. கருவுற்றதும் பூவின் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒன்று கீழே இறங்கி மண்ணைத் துளைத்து, உள்ளே போய்க் காயாகிறது. அவரைக்காய் கொடியில் தொங்குகிறது, இது பூமிக்குள் படுத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வேர்க்கடலையும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இவளுக்குப் பரிசோதித்துச் சரி என்று சொன்னதால் சாப்பிடுகிறாள். மல்லாட்டைப் பாத்திரம் பரணிலிருந்து இறங்கியது.

அடுத்து தேங்காய். முந்திரிப்பழ விஷயத்தில் சூடுபட்ட அத்தை, சட்னிக்குத் தேங்காய் துருவலாமா என்று கேட்டார். சிரிக்க வேண்டாம், அமெரிக்க அரசே அப்படித்தான் குழம்பியிருந்தது. அங்கே உணவுப் பொட்டலங்களில் அலர்ஜி எச்சரிக்கை போடும் 'மரக்கொட்டைகள்' பட்டியலில் தேங்காய் பல வருடம் இருந்தது. 2025 ஜனவரியில்தான் எடுத்தார்கள். தாவரவியலில் தேங்காய், மாங்காய் மாதிரி ஓட்டுச்சதைக்கனி. மாம்பழத்தில் சதையைத் தின்று ஓட்டை எறிகிறோம். தேங்காயில் நாரை உரித்து எறிந்து, ஓட்டை உடைத்து, உள்ளே விதைக்குள் இருப்பதைத் தின்கிறோம். தென்னை மரமே 'மரம்' இல்லை என்பது தொல்காப்பியர் கட்சி. வெளியே வைரம் பாய்ந்தால் புல், உள்ளே வைரம் பாய்ந்தால் மரம் என்று மரபியலில் பிரித்துவிட்டார். பனையும் தென்னையும் அவர் கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் பனையையும் தென்னையையும் புல்லோடு ஒருவிதையிலைப் பிரிவில்தான் வைக்கிறது.

மாலையில் பலாப்பழம் அறுத்தார்கள். கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு, பழத்தைப் பிளந்து, நடுத்தண்டை அரிந்து எடுத்து, பாலைச் சாக்குத்துணியால் துடைத்தார் அத்தையின் மகன். மகள் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒரு பழத்தில் எத்தனை சுளை?

கேள்வியே தப்பு. ஒரு பழத்தில் பல சுளை என்பதைவிட, பல பழங்கள் சேர்ந்து ஒன்றாகத் தொங்குகின்றன என்பதுதான் சரி. பலாவில் ஒரு தண்டைச் சுற்றி நெருக்கமாகப் பெண் பூக்கள் இருக்கும். மகரந்தம் சேர்ந்த ஒவ்வொரு பூவும் ஒரு சுளை. சேராமல் போன பூக்கள்தான் இடையில் இழை இழையாக வரும் சக்கை. நாம் தின்னும் மஞ்சள் சதை, பூவின் இதழ்ப்பகுதி தடித்தது. உள்ளே மெல்லிய உறைக்குள் இருக்கும் கொட்டைதான் கணக்குப்படி கனி. பதினைந்து கிலோ பலாப்பழம் என்பது ஒரு பூங்கொத்து! அன்னாசியும் இப்படித்தான் பல பூக்கள் ஒட்டிக்கொண்டது. சீத்தாப்பழம் பார்க்க இதே மாதிரி இருந்தாலும் அது ஒற்றைப் பூவிலிருந்து வருவது.

பலாவின் சொந்தக்காரர்கள் அத்தியும் ஆலும். அத்திக்குள் பூக்கள் உள்பக்கமாகப் பூத்து, வெளியே தெரியாமலே போய்விடும். 'அத்தி பூத்தாற்போல' என்று நாம் சொல்வது அதனால்தான். முந்திரிக்கும் பலாவுக்கும் எந்த உறவும் இல்லை. ஒரே மண்ணில், ஒரே வெயிலில், ஒரே மாதத்தில் காய்க்கும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான். அத்தையோ பலாச்சுளையைத்தான் பயந்து பயந்து கொடுத்தார். மாம்பழத்தைத் தயங்காமல் அறுத்து வைத்தார்.

ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்கும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து கூடையைப் பிரித்துப்போட ஆரம்பித்துவிட்டாள். கத்திரிக்காய் கனி. தக்காளியும் மிளகாயும்கூட. இந்த மூன்றும் திராட்சை மாதிரி சதைக்கனிகள். வாழைப்பழமும் அதே வகையறா என்றதும் நம்ப மாட்டேன் என்றாள். வெண்டைக்காய், முருங்கைக்காய் காய்ந்தால் வெடித்து விதை சிதறும் கனிகள். பூசணியும் சுரையும் தர்பூசணிக்கு அக்கா தங்கை. உருளைக்கிழங்கு மண்ணுக்குள் இருக்கும் தண்டு, சர்க்கரைவள்ளி வேர், வெங்காயம் தடித்த இலை.

"அப்ப காய்கறின்னு எதுவுமே இல்லையாம்மா?"

இல்லைதான். தாவரவியலில் 'காய்கறி' என்று ஒரு வகையே கிடையாது, அது சமையற்கட்டுப் பிரிவு. 1893-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தக்காளிக்கே வழக்கு நடந்தது. காய்கறி இறக்குமதிக்கு வரி உண்டு, பழத்துக்கு இல்லை. தாவரவியல்படி பழம்தான், ஆனால் சாப்பாட்டோடு சமைத்துத் தின்பதால் காய்கறி என்று தீர்ப்பு வந்தது. வியாபாரி வரி கட்டினார்.

நம் தமிழுக்கு இந்தச் சங்கடம் குறைவு. கீரை, தண்டு, பூ, கிழங்கு, காய் என்று உறுப்பின் பெயரைச் சொல்லித்தான் கடையில் கேட்கிறோம். காய் பழுத்தால் பழம், பிஞ்சிலேயே பறித்தால் அதற்கு வேறு பெயர். மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல், தென்னைக்குக் குரும்பை. பத்தாம் வகுப்புப் பாடத்தில் தேவநேயப் பாவாணர் கட்டுரையில் இந்தப் பட்டியலைப் படித்தவர்கள் இருப்பீர்கள். அத்தைக்குப் பாவாணரைத் தெரியாது, ஆனால் பலா மூசில் பொரியல் செய்யத் தெரியும்.

தமிழ் சறுக்கும் இடம் ஒன்றே ஒன்று, அந்தக் 'கொட்டை'. மாங்கொட்டை, புளியங்கொட்டை, பலாக்கொட்டை, முந்திரிக்கொட்டை, ஆமணக்குக்கொட்டை என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஜாதிக்காய் என்கிறோம், அது விதை. கொத்தமல்லி விதை என்கிறோம், அது கனி. இதெல்லாம் தெரியாமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் என் மகளுக்கு 'கொட்டை வேண்டாம்' என்று ஒற்றை வார்த்தையில் சொல்லி வளர்த்தது போதாது. அன்று ராத்திரி ஒரு நோட்டில் பெயர் பெயராக எழுதினோம். வேண்டாதவை: முந்திரிப்பருப்பு, முந்திரிப்பழம், பிஸ்தா, சாரைப்பருப்பு. டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று தனியாக ஒரு பக்கம். கேரளா போனால் 'முந்திரி' என்பது திராட்சைக்கும் பெயர், அங்கே என்ன செய்வது என்று அவளே ஒரு கேள்வி எழுதிக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். கத்திரிக்காயும் பலாக்கொட்டையும் போட்ட சாம்பார். அத்தை கரண்டியில் ஒரு பலாக்கொட்டையை எடுத்துவிட்டு, தட்டில் போடாமல் என் முகத்தைப் பார்த்தார். போடலாம் என்று தலையாட்டினேன்.

மகளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. "பாட்டி, இது நட்டா?"

"நட்டா மொளைக்கும்டி. ஏழெட்டு வருசத்துல காய்க்கும்" என்றார் அத்தை.

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அப்ப நான் பிளஸ் டூ."

வேகவைக்காத கொட்டைகளில் இரண்டைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அபார்ட்மென்ட்டில் எங்கே நடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.